நடு வீடு

ஆர்டிஸ் ட்வேட் கல்யாணமாகி ஹால்வருக்கு வந்தபோது ஒரு தையல் மெஷினும் லைஃப்கார்ட் சான்றிதழும் கொண்டுவந்தாள். தையல் மெஷினை ஊர் புரிந்துகொண்டது.

மினசோட்டாவில் ஏரிக்கரையோரம் படகு வாடகைக்கு விடும் வீட்டில் பிறந்தவள். வட டகோட்டாவில் ஹால்வர் இருக்கும் ஸ்டோர்டால் கவுண்டியில் ஏரி இல்லை. பனி உருகும் மாதத்தில் வயல் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். அதில் வாத்துகள் இறங்கும். மிச்சமெல்லாம் கோதுமை, சூரியகாந்தி, காற்று. ஹால்வரில் ஒரு தானியக் கிடங்கு, அதற்கெதிரே ஒரு காப்பிக்கடை, சற்றுத் தள்ளி ஒரு நீச்சல் குளம். குளத்தைக் கட்டியவர்களே அதில் இடுப்புக்கு மேல் இறங்கியதில்லை. அவள் கணவன் லோவல் இடுப்பு வரைகூட இறங்கியதில்லை. தண்ணீர் என்பது குடிக்கவும் டிராக்டரைக் கழுவவும் உள்ள பொருள் என்பது அவன் எண்ணம்.

வந்த மறு கோடையிலேயே ஆர்டிஸ் குளத்தில் வகுப்பு தொடங்கினாள். அதற்குப் பிறகு ஒரு கோடையையும் விடவில்லை. கவுண்டியில் பாதிப் பேருடைய தாடையை அவள் உள்ளங்கை தாங்கியிருக்கிறது. இன்று வீடு உயர டிராக்டரில் போகிற ஆண்கள் பலர் ஒரு காலத்தில் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அம்மா என்று அலறியவர்கள். யார் யார் அலறினார்கள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்கு இயல்பாக வந்தது. குளிர்காலத்து வேலை அதனால்தான் கிடைத்தது என்று நினைத்துக்கொள்வாள்.

குளிர்காலத்து வேலை கணக்கெடுப்பு. எங்கோ தூரத்தில் இருந்த பெரிய அலுவலகம் வீடுகளைப் பொறுக்கி அனுப்பும். படிவத்தைத் தபாலில் அனுப்பியும் பதில் போடாத வீடுகளுக்கு அவள் சரளைச் சாலையில் காரோட்டிப் போவாள். வீட்டில் எத்தனை பேர், யார் வேலைக்குப் போகிறார்கள், வருஷ வருமானம் என்ன. கேட்டதை ஆயுளுக்கும் வெளியே சொல்வதில்லை என்று வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய்திருந்தாள்.

அந்தப் பக்கத்தில் காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை, உங்களுக்கெதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால், சரி அரைக் கோப்பை என்று சொல்லி முழுக் கோப்பை குடிப்பார்கள். மூன்றாம் தடவை கேட்காதவர்களைப் பற்றிப் பேச மாட்டார்கள், மறக்கவும் மாட்டார்கள். வருமானத்தையும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று கண்டுபிடிக்க ஆர்டிஸுக்கு ஒரு முழுக் குளிர்காலம் ஆயிற்று.

முதல் தடவை கேட்டால், "மோசமில்ல."

இரண்டாம் தடவை, "ஏதோ அடுப்பு எரியுது."

மூன்றாம் தடவை ஒரு எண் வரும்.

வீட்டில் மட்டும் அவள் இதைச் செய்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்து லோவல் காலணியைக் கழற்றும்போது, "இந்த வருஷம் எப்படி?" என்பாள். "மோசமில்ல," என்பான். அவள் சூப்பைக் கிளறப் போய்விடுவாள். வரித் தாளில் அவன் விரல் வைத்துக் காட்டும் கோட்டில் கையெழுத்துப் போடுவாள். ஊர் வருமானத்தை எழுதி எழுதி அலுத்த கண்ணுக்குச் சொந்த வீட்டுத் தாளில் அந்தக் கோடு மட்டும்தான் தெரிந்தது.

குளத்தின் தரை பிளந்தது அவள் கணக்கெடுப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம். நிரப்பிய தண்ணீர் மறுநாள் காலையில் இல்லை. இரண்டு கோடை குளம் பூட்டிக் கிடந்தது. ஆர்டிஸ் குழந்தைகளை மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து மூச்சுப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். தொட்டிக்கு வெளியே மாடுகள் வரிசையில் நின்று பார்த்தன. கைகால் அடிக்கத் தொட்டியில் இடமில்லை. மூச்சுப் பிடிக்கத் தெரிந்த, நீந்தத் தெரியாத ஒரு தலைமுறை உருவாகிக்கொண்டிருந்தது. அவளுக்கு அறுபது நெருங்கியது. இன்னொரு குளத்தைப் பார்க்காமல் போய்விடுவோமோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. அதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புதுக் குளத்துக்கு மாநிலத்தில் ஒரு நிதி இருந்தது. நடு வீட்டின், அதாவது வருமான வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம் வருஷத்துக்கு அறுபத்திரண்டாயிரம் டாலருக்குக் கீழே இருக்கும் கவுண்டிகளுக்குத்தான் அது கிடைக்கும். வெளியான மதிப்பீட்டில் ஸ்டோர்டால் அறுபத்தாறாயிரத்தில் இருந்தது.

காப்பிக்கடையில் மெர்ல் ஸ்கோகன் செய்தித்தாளை மேசைமேல் போட்டான். காலையில் அங்கே ஆண்கள் பகடை உருட்டுவார்கள். தோற்றவன் மேசைக்கே காப்பி வாங்கித் தர வேண்டும். மெர்ல் அடிக்கடி தோற்கிறவன்.

"அறுபத்தாறாயிரமாம்! யாருய்யா அந்த நடு வீட்டுக்காரன்? வெளியில வா. இன்னிக்குப் பகடை வேணாம், நீயே வாங்கு."

"நீதான் அது," என்றாள் கடைக்காரி ஜோனெல். "நேத்து தோத்துட்டு பர்ச மறந்துட்டேன்னியே. எல்லாம் நடிப்பு."

"நானா? இந்த ஓவரால் எங்கண்ணனோடது. அவன் செத்தே எட்டு வருஷமாச்சு."

"அவரு போட்டிருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

"சும்மாரு. ஆர்டிஸ், நீ சொல்லு. வடக்கால ஹார்லன் மாதிரி நாலு பேரு, அடிவானம் வரைக்கும் நெலத்த வச்சிருக்கானுங்க. அவனுங்கதான நம்மள மேல இழுத்துவிட்டது?"

"சராசரின்னா இழுப்பாங்க. இது நடு," என்றாள் ஆர்டிஸ். "நீ படிச்ச வகுப்ப நெனச்சுக்க. எல்லாரையும் உயரப்படி குளத்தோரம் நிறுத்துவேனே. நடுவுல யாரு நிப்பா?"

"ஜோனெல்."

"கடைசியில ஹார்லன். அவன் தோள்மேல இன்னொருத்தன ஏத்தி நிறுத்து. ஜோனெல் வளந்துருவாளா?"

"அவ அன்னியிலருந்தே வளரல."

ஜோனெல் ஈரத்துணியால் அவன் தொப்பியைத் தட்டிவிட்டாள்.

"அப்ப அறுபத்தாறு எப்படி வந்துச்சு?"

"எல்லா வீட்டையும் கேக்க முடியாதுல்ல. சில வீட்டக் கேட்டு மிச்சத்தக் கணிக்கிறாங்க. நம்ம மாதிரி ஆளில்லாத கவுண்டியில கேட்ட வீடே கொஞ்சம். முன்னப்பின்ன இருக்கும்னு அவங்களே அடியில போட்டிருக்காங்க, பாரு."

மெர்ல் தாளைக் கண்ணருகே கொண்டுபோனான். "இந்த முன்னப்பின்னயில என் வீட்டையே வச்சுக் கட்டலாம் போலருக்கே."

ஆர்டிஸ் அன்றே மாநில அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் பெயர் கெசல். அமைதியான குரல். மதிப்பீட்டை ஒத்துக்கொள்ளாத கவுண்டி தானே வீடு வீடாகக் கேட்டுப் பார்க்க விதி இருக்கிறது என்றார். வீடுகளைக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். வந்த வீட்டை மாற்றக் கூடாது. ஐந்தில் நாலு வீடாவது பதில் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் செல்லாது. தாளில் பெயர் இருக்கக் கூடாது. கேட்கிறவருடைய சொந்த வீடு குலுக்கலில் வந்தால் அங்கே வேறொருவர்தான் கேட்க வேண்டும்.

"ஒண்ணு கேக்கலாமா, மேடம்? இந்தக் குளம் உங்களுக்கு வேணுமா?"

"ரொம்ப."

"அப்ப நீங்க கேக்கறது சரியா வருமா?"

"கொறச்சு எழுதிட்டேன்னு வைங்க. ஒவ்வொரு தடவ தண்ணியில எறங்கும்போதும் அது ஞாபகம் வரும். எனக்குத் தண்ணியில இருக்கும்போது எதையும் நெனைக்கப் பிடிக்காது."

"சரி, கேளுங்க," என்றார் கெசல்.

குலுக்க ஏதாவது வேண்டும். ஊரில் பெரும்பாலும் லுத்தரன்கள். அவர்கள் ஆலயத்தில் பிங்கோ கிடையாது. பக்கத்து ஊர்க் கத்தோலிக்க ஆலயத்திலிருந்து எண் போட்ட பந்துகளைக் குலுக்கும் பிங்கோக் கூண்டைக் கடன் வாங்கினார்கள். கவுண்டி அலுவலகத்தில் வேலை பார்க்கும் டார்லா கூண்டைச் சுற்றினாள். எண் விழ விழ வீட்டின் பெயரைக் குறித்தாள். பாதியில் நிறுத்தி நிமிர்ந்தாள்.

"ஆர்டிஸ், உன் வீடு."

"திரும்பப் போடு."

"போடக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"சும்மா சொல்லிப் பாத்தேன். எழுது."

"அப்ப லோவல நான் கேக்கணும்," என்றாள் டார்லா. "கடவுளே. அந்த ஆளு வாயிலருந்து ஒரு வார்த்த வாங்கறதுக்குள்ள விதைப்பு வந்துருமே."

மார்ச் மாதத்தில் வேலை தொடங்கியது. நிலம் இன்னும் இறுகிக் கிடக்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். ஆர்டிஸ் ஒவ்வொரு வீட்டிலும் வாசலறையில் காலணியைக் கழற்றினாள், காப்பியை இரண்டு தடவை மறுத்தாள், மூன்றாம் தடவை குடித்தாள், பிறகு தன்முறைக்கு அவர்களை மூன்று தடவை கேட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் தட்டில் ஏதாவது இனிப்புத் துண்டு வந்தது. பேரீச்சை, ருபார்ப், நிலக்கடலை வெண்ணெய். இரண்டாம் வாரத்தில் பாவாடையின் கொக்கியைத் தள்ளிப் போட்டாள்.

வந்த எண்கள் அவளைக் கவலைப்படுத்தின. எல்லாம் பெரிதாக இருந்தன. மேற்கே ஒரு வீட்டில் ஜன்னலில் ஒரு கண்ணாடிக்குப் பதில் விதை வந்த காகிதப் பை ஒட்டியிருந்தது. அந்த வீட்டு எண்ணை எழுதும்போது பேனா தயங்கியது. இப்படியே போனால் அறுபத்தாறு கூட இல்லை, அதற்கும் மேலே போய் நிற்கும்.

மெர்ல் வீடும் குலுக்கலில் வந்திருந்தது. காப்பிக்கடையில் கத்துகிற மெர்ல் சொந்தச் சமையலறையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வேறு ஆளாக உட்கார்ந்திருந்தான். மோசமில்ல என்றான். அடுப்பு எரியுது என்றான். மூன்றாம் தடவை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாலு லட்சம்," என்றான்.

அவன் மனைவி மார்ஜ் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

ஆர்டிஸ் பேனாவை வைத்தாள். "மெர்ல், அது கிடங்குல கோதுமைய எடை போட்டுக் குடுத்த செக்கு."

"வருமானம்தான கேட்ட? வந்தது அதான்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. இந்த ஊரில் ஒருவனைப் பார்த்து வருஷம் எப்படி என்றால் ஏக்கருக்கு எத்தனை புஷல் விளைந்தது, என்ன விலை போனது என்று சொல்லுவான். மிஞ்சியது எவ்வளவு என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அது உடுப்பைக் கழற்றச் சொல்வது போல. சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்து படிவம் நிரப்பும்போதும் அவர்கள் கை கிடங்குச் செக்கைத்தான் தேடியிருக்கும். ஒருவரும் பொய் சொல்லவில்லை. கோதுமையின் மரியாதையைக் காப்பாற்றினார்கள்.

நேராகக் கேட்டால் வராது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"டீசல் இந்த வருஷம் எப்படி?"

மெர்ல் நாற்காலியில் முன்னுக்கு வந்தான். "அதக் கேக்காத. கொள்ள! பகல் கொள்ள!"

"எவ்வளவு ஆச்சு?"

சொன்னான். மார்ஜ் திருத்தினாள். ஆர்டிஸ் எழுதிக்கொண்டாள்.

"உரம்?"

"உஃப்தா!" என்று மெர்ல் எழுந்தே விட்டான். உர விலைக்கு ஒரு காப்பி ஆயிற்று. விதை, பூச்சிமருந்து, நிலக் குத்தகை, வங்கி வட்டி, காப்பீடு, உடைந்த கியர்பெட்டி. ஒவ்வொன்றும் அவனுக்கு உற்சாகம் தந்தது. கியர்பெட்டியைப் பற்றிச் சொல்லும்போது முகமே சிவந்து இளமையாகிவிட்டது. மார்ஜ் இன்னொரு தட்டு கொண்டுவந்தாள். அவள் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அந்தச் சம்பளத்தையும் கடைசியில் சேர்த்தார்கள். ஆர்டிஸ் கழித்துக் கூட்டி விடையைச் சுற்றி வட்டமிட்டாள். அது எவ்வளவு என்று இங்கே சொல்வதற்கில்லை.

மெர்ல் வட்டத்தைப் பார்த்தான். "இதுல முக்காவாசி மார்ஜ் சம்பளம்."

"இப்பதான் தெரிஞ்சுதா?" என்றாள் மார்ஜ்.

"இல்ல, தெரியும். வட்டம் போட்டுப் பாத்ததில்ல." தொப்பியை மாட்டிக்கொண்டு, "ஆனா டீசல்காரன நல்லா திட்டினோம்ல?" என்றான்.

ஆர்டிஸ் முன்பு போன வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனாள். இந்தத் தடவை டீசலில் தொடங்கினாள். செய்தி அவளுக்கு முன்னால் போய்விட்டது. ஆர்டிஸ் வந்தால் உர விலையைப் பற்றி மனம்விட்டுப் பேசலாம் என்று ஆட்கள் பட்டியலோடு காத்திருந்தார்கள். குலுக்கலில் வராத ஒருவர் வழியில் காரை மறித்து, தன் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று வருத்தப்பட்டார்.

இத்தனைக்கும் கதவு திறக்காத வீடுகள் இருந்தன. குளிருக்கு அரிசோனா போனவர்கள். அரசாங்கம் என்ற சொல்லுக்கே நாயை அவிழ்த்து விடுபவர் ஒருவர். நாய் அவளைத் தெரிந்துகொண்டு வாலாட்டியது, அவர் தெரிந்துகொள்ளவில்லை. கடைசி வாரம் கணக்குப் பார்த்தபோது ஐந்தில் நாலு வர ஒரு வீடு குறைந்தது. கேட்காமல் மிச்சமிருந்ததும் ஒரே வீடு.

டார்லா அன்று பிற்பகல் வந்தாள். விதிப்படி ஆர்டிஸ் வெளியே போய்க் காற்றுத் தடுப்பு மரங்களுக்குப் பின்னால் நின்றாள். பனி உருகி மண் காலைப் பிடித்தது. வெகுநேரம் கழித்து டார்லா கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

"மூணு தடவையும் கேட்டுட்டேன். டீசலயும் கேட்டேன். வாயே தொறக்கல, ஆர்டிஸ். காப்பி மட்டும் மூணு தடவ குடுத்தான்."

"மாட்டேன்னுட்டானா?"

"மாட்டேன்னுகூட சொல்லல. உன் கல்யாண போட்டோவப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்."

ஆர்டிஸ் மரங்களைப் பார்த்தாள். அப்பால் ஊர் தெரிந்தது. தானியக் கிடங்கு, அதன் நிழலில் பூட்டிய குளம். நாய் வளர்ப்பவர் சொல்லாததால் குளம் போனால் தாங்கிக்கொள்ளலாம். "இங்கயே இரு," என்றாள். "இப்ப நான் கணக்கெடுக்கற ஆளாப் போகல."

லோவல் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்திருந்தான். ரேடியோ ஓடவில்லை.

"இந்த வருஷம் எப்படி, லோவல்?"

"மோசமில்ல."

இந்த இடத்தில் அவள் சூப்பைக் கிளறப் போவாள். இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

அவன் அவளை ஏறிட்டான். "அதான்... அடுப்பு எரியுதே."

"மூணாவது தடவ கேக்கறேன்."

லோவல் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றான், சாவுச் செய்தி சொல்வது போல.

இரண்டு வருஷக் கோதுமையை விற்காமல் களஞ்சியத்திலேயே வைத்திருந்தானாம். போன கோடையில் விலை ஏறியபோது மொத்தத்தையும் விற்றுவிட்டான். தொகையைச் சொன்னான்.

"அது கிடங்குச் செக்கு. செலவு போக எவ்வளவு?"

"செலவு போகத்தான்."

"டீசல்?"

"போக."

"வங்கி?"

"எல்லாம் போக, ஆர்டிஸ்."

அவள் கண் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போனது. கழுவிய பிளாஸ்டிக் பைகள் கொடியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"நான் பையக் கழுவிக் காயப்போட்டுக்கிட்டிருக்கேன், லோவல்."

"தெரியும்."

"நேத்துகூட கழுவினேன்."

"நல்லாத்தான் கழுவற."

ஆர்டிஸுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது வாய்வரைக்கும் வருவதற்குள் சிரிப்பாகிவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லோவல் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

"ஏன் சொல்லல?"

"அறுவடைக்கு ஒரு காம்பைன் பாத்து வச்சிருக்கேன். புதுசு. சொன்னா நீ வேணாம்பே."

"ஆமா, வேணாம்பேன்."

"அதான்."

"முப்பத்தாறு வருஷமா ஒரு தடவகூட சொன்னதில்லயே. எல்லா வருஷமுமா காம்பைன்?"

லோவல் தொப்பியின் விளிம்பைச் சுற்றினான். "நீ ஒரு தடவதான் கேப்ப. உடனே சூப்புக்குப் போயிருவ. சரி, ஒரு மரியாதைக்குக் கேக்கற, தெரிஞ்சுக்கணும்னு இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் சிரிப்பு நின்றது. ஊர் முழுக்க மூன்று மூன்று தடவை கேட்டிருக்கிறாள். நாய் வளர்ப்பவரைக்கூட.

"சரி," என்றாள் மெதுவாக. "டார்லா மூணு தடவ கேட்டாளே. அவகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அது எப்படி சொல்றது?" லோவலின் குரல் முதல்தடவையாக உயர்ந்தது. "எல்லாரும் இல்ல இல்லன்னு கணக்கு சொல்லிக்கிட்டிருக்கும்போது நான் போயி இவ்வளவு பெரிய தொகையப் போட்டா நடு மேல ஏறிராது? உன் குளம் போயிராது? ரெண்டு வருஷமா நீ மாட்டுத் தொட்டிக்குள்ள நிக்கறத நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

நடு என்றால் என்ன என்று காப்பிக்கடையில் மற்றவர்களுக்கு விளக்கிய காலையில் அவன் மருந்தடிக்கும் இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தான் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆர்டிஸ் எழுந்து அலமாரியிலிருந்து குவளைகளை எடுத்தாள். சிறியதிலிருந்து பெரியது வரை மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

"நடுவுல எது?"

"நீலம்."

கடைசிக் குவளையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சூப்புப் பானையைத் தூக்கி வைத்தாள். மேசை முனகியது.

"இப்ப?"

லோவல் குனிந்து பார்த்தான். "நீலந்தான்."

"நீதான் இந்தப் பானை. எவ்வளவு பெருசானாலும் நீ ஓரத்துலதான் நிக்கணும். நீ வந்து நின்னா நடு ஒரு எட்டு நகரும், அவ்வளவுதான். பக்கத்து ஆளும் அதே உயரம். வரவே மாட்டேன்னு நின்னாத்தான் குளம் போகும்."

அவன் பானையையும் நீலக் குவளையையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நான் பணக்காரனா இருக்கறதுல யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல?"

"பைக்குத்தான் நஷ்டம். இனிமே கழுவ மாட்டேன்."

ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். டார்லா காருக்குப் பக்கத்தில் காலை உதைத்துக் குளிரை விரட்டிக்கொண்டிருந்தாள். "டார்லா! வந்து நாலாவது தடவ கேளு!"

மீண்டும் மரங்களுக்குப் பின்னால் போய் நின்றாள். இந்த முறை சீக்கிரம் முடிந்தது. டார்லா வந்தபோது கண் பெரிதாக இருந்தது.

"ஆர்டிஸ், உனக்குத் தெரியுமா..."

"சத்தியம் பண்ணியிருக்க."

"பண்ணியிருக்கேன்." டார்லா உறையை ஒட்டினாள். கார்க் கதவைத் திறந்தவள் திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணு. கிறிஸ்துமஸுக்கு எனக்கு பழைய பரிசுக் காகிதத்தத் தேச்சு, அதுல சுத்திப் பரிசு குடுத்தியே..."

"வண்டிய எடு, டார்லா."

விதைப்பு முடிந்த சமயம் கெசல் போன் செய்தார். தாள்களையெல்லாம் வரிசையாக அடுக்கி நடுத் தாளை எடுத்தாயிற்று. ஐம்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். முன்னப்பின்ன இருந்தாலும் அறுபத்திரண்டைத் தாண்டாது என்றார். எண்ணைக் கேட்டதுமே அது எந்த வீட்டுத் தாள் என்று ஆர்டிஸுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு, அலுவலகக் குரலை விட்டுவிட்டு, "நீங்க சேத்து அனுப்பின செலவுத் தாள்ல ஒரு கியர்பெட்டி கத படிச்சேன். ஆபீசே சிரிச்சுது," என்றார்.

காப்பிக்கடையில் அன்று யாரும் பகடை உருட்டவில்லை. ஜோனெல் எல்லாருக்கும் சும்மா ஊற்றினாள். நடு வீடு யாருடையது என்பதுதான் பேச்சு. அந்த ஊரில் மேலே இருப்பது கூச்சம், கீழே இருப்பது அவமானம். நடுவில் இருப்பதைப்போல் ஒரு பெருமை இல்லை. கவுண்டியில் பாதிப் பேர் அது தாங்கள்தான் என்று நம்பினார்கள். மெர்ல் முகச்சவரம் செய்துகொண்டு வந்திருந்தான்.

"ஆர்டிஸ், தலைய மட்டும் ஆட்டு. நான்தான?"

ஆர்டிஸ் இனிப்புத் துண்டைக் கடித்தாள்.

"கடிச்ச விதத்தப் பாத்தியா? நான்தான்," என்றான் மெர்ல்.

அடுத்த வருஷம் ஜூனில் குளம் திறந்தது. லோவல் காம்பைன் வாங்கியிருந்தான், இன்னொருவர் ஓட்டிய வண்டியாக. நிதிக் கணக்கில் இல்லாத ஒரு குதிபலகையும் குளத்தில் இருந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் கொடுத்தார் என்று பலகையில் எழுதியிருந்தது. யாரென்று எல்லாருக்கும் தெரிந்ததால் யாரும் கேட்கவில்லை.

ஆர்டிஸ் காலையில் குழந்தைகளை உயரப்படி நிறுத்தினாள். மாட்டுத் தொட்டியில் மூச்சுப் பிடித்துப் பழகியவர்கள். தண்ணீரில் விட்டதும் கைகால் தானாக அடித்துக்கொண்டது. பிற்பகலில் பெரியவர்கள் வந்தார்கள். லோவல் கடைசியாக, ஒரு வெள்ளைக் காலை முதலில் விட்டுப் பார்த்து இறங்கினான். முகமும் கையும் மட்டும் பழுப்பு, மிச்ச உடம்பு பால். அவனை மல்லாக்கப் படுக்க வைத்து அவள் கையை அவன் முதுகுக்கடியில் கொடுத்தாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது. அவள் எதையும் நினைக்கவில்லை.

குதிபலகையில் ஓர் ஆள் ஏறியது. நடு வீட்டிலிருந்து வந்த ஆள். முனைவரை போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு குதித்தது. பாதிக் குளம் வெளியே தெறித்தது. கரையில் ஜோனெலின் காப்பிக் கெண்டி நனைந்தது. ஆர்டிஸ் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?" என்றான் லோவல், வானத்தைப் பார்த்தபடி. "யாரு குதிச்சது? அந்த வீடா? அதுவா நடு வீடு?"

"தலையப் பின்னால சாய்."

"பேரு வேணாம். அவங்க எப்படி இருக்காங்கன்னு மட்டும் சொல்லு."

"மோசமில்ல," என்றாள் ஆர்டிஸ்.

லோவல் இரண்டாம் தடவை கேட்க வாயைத் திறந்தான். அவள் கையை எடுத்தாள். அவன் மிதந்தான்.